ஒன்ராறியோவில் முதல் பைபர் படகு: உறைபனிக்கு முன் செய்து முடிக்க வேண்டியவை

சிம்கோ ஏரியிலோ கவார்த்தா ஏரிகளிலோ மீன் பிடிக்கவென்று 16 அடி, 18 அடியில் பழைய பைபர் படகு ஒன்றை ஜூலை மாதத்தில் வாங்குகிறவர்கள் எங்களுக்குள் நிறையப் பேர். இயந்திரம் ஓடுகிறதா, ட்ரெயிலர் ரயர் நல்லதா என்று பார்த்து, பேரம் பேசி, வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோம். ஒக்டோபரில் அதை என்ன செய்வது என்று விற்றவர் சொல்லமாட்டார், வாங்கியவரும் கேட்கமாட்டார். ஊர்க் கரையில் பைபர் படகு வருடக்கணக்காக மணலில் கிடந்தும் கெடாமலிருப்பதைப் பார்த்த கண்ணுக்கு, இங்கும் ஒரு படங்கைப் போர்த்திவிட்டால் போதும் என்றுதான் தோன்றும். மே மாதம் படங்கை விலக்கும்போது மோட்டரைத் தாங்கும் பின்பலகையில் வெடிப்பும், இயந்திரத்தின் வார்ப்பிரும்பில் கீறலும், மெத்தைபோல் அமுங்கும் தளமும் காத்திருக்கும்.

கண்ணாடியிழையையும் ரெசினையும் குளிர் கெடுப்பதில்லை. மைனஸ் 30 பாகையிலும் காய்ந்த பைபர் அப்படியே இருக்கும். கெடுப்பது உள்ளே தங்கிய தண்ணீர். உறையும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 சதவீதம் கூடுகிறது. அந்த 9 சதவீதத்துக்கு இடமில்லாத எந்தக் குழாயும் எந்தப் பலகை இடுக்கும் பிளக்கும். ஆகவே கீழே வரும் வேலைகள் எல்லாவற்றிலும் நீங்கள் தேடுவது ஒன்றைத்தான்: தண்ணீர் எங்கே நிற்கிறது?

1. நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஓகஸ்ட் கடைசியில் சேமிப்பிடம் தேடத் தொடங்குங்கள். மரினாக்களின், அதாவது படகுத்துறைகளின், குளிர்கால இடங்கள், குறிப்பாகக் கூரைக்குக் கீழுள்ளவை, செப்டெம்பரிலேயே நிரம்பிவிடும். ஜெல்கோட் (வெளிப்பூச்சு), ரெசின் பழுதுகளைச் செப்டெம்பருக்குள் முடியுங்கள். ஏன் என்பதை ஐந்தாம் படியில் சொல்கிறேன். ஒக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை வரும் நன்றி நவிலல் நாளை ஒட்டிய வாரவிடுமுறைதான் பெரும்பாலானோர் படகை ஏரியிலிருந்து எடுக்கும் நேரம். அதன்பின் இரண்டு வாரத்துக்குள் இயந்திரமும் குழாய்களும் வடிந்திருக்க வேண்டும், நவம்பர் பிறக்குமுன் மூடியிருக்க வேண்டும்.

பிந்துகிறவர்கள் செய்யும் பிழை, வானிலை அறிக்கையில் பகல் வெப்பநிலையை மட்டும் பார்ப்பது. பகலில் 12 பாகை இருக்கும் நாளிலேயே இரவில் மைனஸ் 4 வரலாம். மெல்லிய குழாய்க்கும் சிறிய பம்புக்கும் அப்படி ஓர் இரவே போதும்.

2. கடதாசிகள்

படகைத் தொடுமுன் இவற்றை ஓர் உறையில் சேருங்கள்.

முதலாவது, உரிமப் பெயர் மாற்றம். 10 குதிரைவலு, அதாவது 7.5 கிலோவாட், அல்லது அதற்கு மேற்பட்ட மோட்டர் உள்ள படகுக்குக் கனடா போக்குவரத்து அமைச்சின் உல்லாசப் படகு உரிமம் வேண்டும். விற்பனைச் சீட்டு கையில் இருந்தும் உரிமம் பழைய சொந்தக்காரர் பெயரிலேயே கிடக்கும் படகுகள் ஏராளம். காப்புறுதி கோரும் நாளில் அது தலைவலியாகும். ட்ரெயிலருக்கான பதிவு வேறு. அதையும் பாருங்கள்.

இரண்டாவது, காப்புறுதிப் பத்திரம். அதில் இரண்டு இடங்களைத் தேடி வாசியுங்கள். ஒன்று, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை படகு தண்ணீருக்கு வெளியே இருக்க வேண்டும் என்ற விதி. மற்றது, உறைவதால் வரும் சேதம் பற்றிய விலக்கு. பல பத்திரங்களில், தொழில்முறையாளர் ஒருவர் குளிர்காலத் தயாரிப்புச் செய்ததற்கான பற்றுச்சீட்டு இருந்தால் மட்டுமே உறைசேதம் ஏற்கப்படும். உங்களுடையது அப்படியென்றால், இயந்திர வேலையை நீங்களே செய்து மிச்சம்பிடிக்கும் 300 டொலர் மிச்சமே இல்லை. சொந்தமாகச் செய்யலாம் என்றிருந்தால், சாமான் வாங்கிய பற்றுச்சீட்டுகளை வைத்திருங்கள், ஒவ்வொரு வடிகால் துளையையும் திகதியோடு படம் எடுங்கள்.

மூன்றாவது, சேமிப்பு ஒப்பந்தம். மரினா பெரும்பாலும் 20 இலட்சம் டொலர் பொறுப்புக் காப்புறுதிச் சான்று கேட்கும். ‘வெளியாட்கள் வந்து வேலை செய்யக்கூடாது’, ‘மரினாவின் சுருக்குறைதான் (சூடாக்கி இறுக்கும் பிளாஸ்ரிக் உறை) போடவேண்டும்’ போன்ற வரிகள் உள்ளே இருக்கும். கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். வீட்டு முற்றத்தில் நிறுத்துவதானால் உங்கள் நகரசபையின் உபவிதியைப் பாருங்கள். வீட்டின் முன்பக்க வாகனப் பாதையில் படகோ ட்ரெயிலரோ நீண்டநாள் நிற்கத் தடையுள்ள நகரங்கள் ரொறன்ரோவைச் சுற்றிப் பல. பக்கத்து வீட்டார் ஒரு தொலைபேசி அழைப்பில் உங்கள் மிச்சத்தை அபராதமாக்கிவிடலாம்.

3. உங்கள் படகு எதனால் ஆனது

பைபர் படகு என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே நாலைந்து பொருள் இருக்கிறது. ஒவ்வொன்றும் தண்ணீரோடு ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும்.

வெளியில் மினுங்குவது ஜெல்கோட். நிறம் கலந்த பொலியெஸ்டர் ரெசின்தான் அது, தடிப்பு ஏறக்குறைய அரை மில்லிமீற்றர். அதன் கீழே கண்ணாடியிழை. துண்டுத் துண்டாய் வெட்டிய இழையாலான மேட்டும், பாய்போல் நெய்த தடித்த துணியும் மாறி மாறி ரெசினில் ஊறிக் கிடக்கும். பழைய படகுகளில் இந்த ரெசின் அநேகமாகச் சாதாரணப் பொலியெஸ்டர். அதைவிடத் தண்ணீரைக் கூடுதலாகத் தடுப்பது வினைல் எஸ்டர். பசையாகவும் பழுதுபார்க்கவும் எல்லாவற்றிலும் வலியது எப்பொக்சி. இந்த மூன்றும் தண்ணீரைத் தடுப்பதில் கூடக்குறைய இருக்குமே தவிர, எதுவும் முழுத் தடுப்பு அல்ல. மாதக்கணக்காகத் தண்ணீரில் மிதக்கும் படகின் ஜெல்கோட்டினூடாக ஈரம் மெதுவாக உள்ளே போய், அங்கே கரையக்கூடிய பொருட்களைக் கரைத்து, புளித்த வாடையுள்ள திரவமாகி, கொப்புளமாக வெளியே தள்ளும்.

உள்ளே இருப்பவைதான் உண்மையான சிக்கல். பின்பலகையும், அடித்தளத்தில் முன்பின்னாக ஓடும் நெடுங்கட்டைகளும் பழைய படகுகளில் பிளைவூட். மேலே பைபர் போர்த்தியிருக்கும். மேல்தளத்துக்குள் பல்சா மரமோ நுரைப்பலகையோ நடுவில் வைத்துச் செய்திருப்பார்கள். தளத்துக்குக் கீழே மிதப்புக்காக ஊற்றிய பொலியூரித்தேன் நுரை. பைபர் தண்ணீரை வெளியே நிறுத்தும். ஆனால் ஒரு திருகாணித் துளையூடாக உள்ளே போன தண்ணீரை வெளியே விடாமலும் அதே பைபர்தான் நிறுத்தும். மரம் ஊறி, குளிரில் உறைந்து விரிந்து, பைபரிலிருந்து கழன்று, கோடையில் அழுகும். இது வருடாவருடம் ஒரு சுற்று.

படகின் வயது தெரிய, பின்பலகையின் வலப்பக்க மேல்மூலையில் 12 எழுத்து எண் கொண்ட அடையாள இலக்கம் இருக்கும். முதல் மூன்றும் செய்தவரைக் குறிப்பவை, கடைசி இரண்டும் மாதிரி ஆண்டு. விற்றவர் சொன்ன ஆண்டோடு பொருத்திப் பாருங்கள்.

4. எடுத்த அன்றே கழுவிப் பாருங்கள்

தண்ணீரிலிருந்து வெளியே இழுத்ததும் பின்னாலுள்ள வடிகால் பிளக்கைக் கழற்றுங்கள், கொடிகளையும் சிப்பிகளையும் அகற்றுங்கள். இது நல்ல பழக்கம் மட்டுமல்ல. 2022 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் படகைத் தரைவழி கொண்டுபோகுமுன் பிளக்குகளைத் திறந்து தண்ணீரை வடிப்பதும், ஒட்டிய தாவரங்களையும் உயிரினங்களையும் நீக்குவதும் சட்டம்.

பாசி ஈரமாக இருக்கையில் குழாய்த் தண்ணீரோடும் மென்மையான தூரிகையோடும் போய்விடும். ஒரு வாரம் காயவிட்டால் சுண்ணாம்புபோல் இறுகிவிடும். நீர்மட்டத்தில் படியும் மஞ்சள் பழுப்புக் கறைக்கு ஒக்சாலிக் அமிலமுள்ள கழுவி பூசி, சில நிமிடம் விட்டு, நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஹைட்ரோகுளோரிக் அமிலமுள்ள கழுவி வேகமாக வேலை செய்யும்தான். ஆனால் ட்ரெயிலரின் நாகமுலாமையும் சேர்த்துத் தின்றுவிடும்.

கழுவியதும் அடிப்பக்கத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். கொப்புளங்கள் எடுத்த அன்றுதான் நன்றாகத் தெரியும். காயக்காய அமுங்கி மறைந்துவிடும், மே மாதம் பார்த்தால் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். கண்டால் பென்சிலால் வட்டம் போட்டுப் படம் எடுங்கள். உடைக்க நினைத்தால் கண்ணை மூடிய கண்ணாடி இல்லாமல் உடைக்கவேண்டாம், உள்ளே அழுத்தத்தில் அமிலத் திரவம் இருக்கிறது.

கொப்புளத்துக்குப் பயந்து 1,500 டொலருக்கு எப்பொக்சித் தடுப்புப் பூச்சு அடிக்கச் சொல்வார்கள். கோடை முழுதும் மரினாவில் மிதக்கும் படகுக்கு அது நியாயமான செலவு. வாரவிடுமுறைக்கு இறக்கி அன்று மாலையே ட்ரெயிலரில் ஏற்றும் படகுக்குத் தேவையில்லை, அந்தக் காசைப் பின்பலகைக்கு வைத்திருங்கள்.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. ஒரு ரூனி (இரண்டு டொலர்) நாணயத்தாலோ திருகாணிச்சாவியின் பிளாஸ்ரிக் பிடியாலோ தளத்தையும் பின்பலகையையும் நாலு விரல் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். தேங்காய் வாங்கப் பழகிய காதுக்கு இது கடினமில்லை. கணீரென்றால் நல்லது. ‘தொப்’ என்று மந்தமாகக் கேட்டால் அங்கே பைபரும் உள்மரமும் பிரிந்திருக்கிறது, அல்லது ஊறியிருக்கிறது. எல்லையை மறைப்பு நாடாவால் குறியுங்கள். பின்பலகைக்கு இன்னொரு சோதனை உண்டு. பின்பலகையில் வெளியே தொங்கும் அவுட்போர்ட் மோட்டரின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்தும்போது, ஒருவர் பின்பலகையைக் கவனிக்கட்டும். மோட்டரோடு சேர்ந்து பலகையும் அசைந்தால் உள்ளே மரம் போய்விட்டது.

இன்னும் சந்தேகமென்றால் பின்பலகையின் உட்பக்கத்தில், அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில், 6 மில்லிமீற்றர் துளை ஒன்று போடுங்கள். மறுபக்கம் வரை போகக்கூடாது. வரும் மரத்தூள் வெளிறிக் காய்ந்திருந்தால் நிம்மதி. கறுத்துச் சேறாக வந்தால் உள்ளதைத் தெரிந்துகொண்டீர்கள். எப்படியிருந்தாலும் அந்தத் துளையை எப்பொக்சியால் அடைக்காமல் விடாதீர்கள்.

மிதப்பு நுரை ஊறியிருக்கிறதா என்பதற்கு எடைதான் சாட்சி. பழைய இரும்பு வாங்குமிடங்களில் வாகனத்தோடு நிறுக்கும் தராசு இருக்கும். ட்ரெயிலர், எரிபொருள், சாமான் எல்லாம் கழித்தபின்னும் தயாரிப்பாளர் சொன்ன எடையைவிட 150, 200 கிலோ கூடினால் நுரைக்குள் ஏரி இருக்கிறது. குளிரில் அது உறைந்து தளத்தை மேலே தள்ளும். நுரையை ஒரு குளிர்காலத்தில் உலர்த்த முடியாது. தளத்தைத் திறந்துதான் எடுக்கவேண்டும்.

5. பழுதுகள், வெப்பம் இருக்கும்போதே

ஊரில் ரெசினில் ஹார்டனர் (இறுக்கும் திரவம்) கலந்து மேட் ஒட்டினால் பேசிக்கொண்டிருக்கும்போதே இறுகிவிடும். அங்கே 30 பாகை. இங்கே ஒக்டோபர் பிற்பகலில் 8 பாகையில் அதே பொலியெஸ்டர் ஜெல்கோட்டைப் பூசினால் வாரம் கழித்தும் பிசுபிசுப்பாகவே இருக்கும். ஹார்டனரை இரட்டிப்பாக்கினாலும் உதவாது, நொறுங்குகிற ஜெல்கோட்தான் மிஞ்சும். காற்று மட்டுமல்ல, படகின் மேற்பரப்பும் 16 பாகைக்கு மேல் இருக்கவேண்டும். இராக் குளிரை உள்வாங்கிய பைபர் காலை பத்து மணிக்கும் சில்லென்றே இருக்கும். தொட்டுப் பாருங்கள். குளிரான நாட்களுக்கு எப்பொக்சி உண்டு. வேகமான ஹார்டனரோடு 5 பாகை வரை தாங்குபவை கிடைக்கின்றன.

கீறல்களை முதலில் வாசிக்கத் தெரியவேண்டும். ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம்போல் பரவினால் ஏதோ இடித்திருக்கிறது. ஒன்றுக்கொன்று இணையாக வரிசையாக ஓடினால் அந்த இடம் வளைகிறது, உள்ளே தாங்கும் கட்டை தளர்ந்திருக்கிறது. இரண்டாவதை மேலே பூசி மறைப்பதில் பயனில்லை, அடுத்த கோடையில் அதே இடத்தில் திறக்கும்.

மேலோட்டமான கீறலுக்கு:

முதலில் மெழுகு நீக்கும் கரைப்பானால் துடையுங்கள், பிறகுதான் மண்தாள். வரிசை மாறினால் மெழுகைக் கீறலுக்குள் தேய்த்து ஏற்றிவிடுவீர்கள், எந்தப் பூச்சும் ஒட்டாது. பிறகு கீறலைச் சிறிய சுழல் அரத்தால் வீ வடிவில் திறக்கவேண்டும். தலைமுடி போன்ற கீறலுக்கு மேலே தடவினால் ஜெல்கோட் உள்ளே இறங்காது. 30 மில்லிலீற்றர் ஜெல்கோட்டுக்கு 2 சதவீதம், அதாவது 0.6 மில்லிலீற்றர் ஹார்டனர். துளி எண்ணாமல் ஊசியில்லாத சிரிஞ்சால் அளவுங்கள். அந்த ஹார்டனர் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம், பக்கம் மூடிய கண்ணாடி இல்லாமல் போத்தலைத் திறக்காதீர்கள். மெழுகு கலக்காத ஜெல்கோட் காற்றுப் படும் மேற்பரப்பில் இறுகாது. மேலே ஒட்டாத பிளாஸ்ரிக் தாளை நாடாவால் மூடுங்கள், அல்லது மெழுகு கலந்த வகையை வாங்குங்கள். இறுகியபின் 320, 600, 1000 என்று மண்தாளைத் தண்ணீரோடு தேய்த்து மெருகேற்றலாம்.

இழைவரை போன அடிக்கு எப்பொக்சியும் தைத்த கண்ணாடித்துணியும். சேதத்தைச் சுற்றி 12 மடங்கு சரிவு அரைத்தெடுங்கள்: 5 மில்லிமீற்றர் தடிப்பென்றால் 60 மில்லிமீற்றர் தூரம். எப்பொக்சியோடு சாதாரண மேட்டை வாங்கிவிடாதீர்கள். அதன் இழைகளைப் பிணைக்கும் பசை பொலியெஸ்டரிலுள்ள ஸ்டைரீனில் கரைவதற்கென்று செய்தது, எப்பொக்சியில் கரையாமல் விறைத்து நிற்கும். பழைய பொலியெஸ்டருக்கு மேலே எப்பொக்சி நன்றாக ஒட்டும். எப்பொக்சிக்கு மேலே பொலியெஸ்டரை நம்பவேண்டாம்.

இனி, நேரமும் காசும் எதற்குமே இல்லாவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள்: வடிகால் பிளக்கின் பித்தளை வளையம். அதைப் பிடித்திருக்கும் இரண்டு மூன்று சிறு திருகாணிகள் நேராகப் பின்பலகையின் பிளைவூட்டுக்குள் போகின்றன, அதுவும் எப்போதும் தண்ணீருக்குக் கீழே. படகு அழுகத் தொடங்கும் முதல் இடம் பெரும்பாலும் இதுதான். வளையத்தைக் கழற்றி, துளைகளைப் பெரிதாகத் துளைத்து, ஒரு வாரம் காயவிட்டு, சிலிக்காத் தூள் கலந்து கரண்டியைச் சாய்த்தாலும் வழியாத பதத்துக்குக் கொண்டுவந்த எப்பொக்சியால் நிரப்புங்கள். இறுகியபின் அதன் நடுவில் சரியான அளவில் துளைத்து, பொலியூரித்தேன் பசையோடு வளையத்தைப் பூட்டுங்கள். 3எம் 4200 போதும். 5200 போட்டால் அடுத்தமுறை கழற்றும்போது ஜெல்கோட்டும் கூடவே வரும். குளியலறைச் சிலிக்கோன் வேண்டவே வேண்டாம். அது உரிந்த இடத்தில் பிறகு வேறெதுவும் ஒட்டாது. ஏணி, மீன் கண்டறியும் கருவியின் உணரி, இருக்கைத் தண்டு எல்லாவற்றின் திருகாணிக்கும் இதே மருந்து.

6. உடற்பகுதியை வடித்தல்

படகின் மூக்கை உயர்த்தி நிறுத்துங்கள், தண்ணீர் பின்னால் ஓடவேண்டும். பிளக்கைக் கழற்றி, ஒரு சிறு பையில் போட்டு, சுக்கானில் கட்டித் தொங்கவிடுங்கள். வசந்தத்தில் பிளக் இல்லாமல் ஏரியில் இறக்காமலிருக்க இதைவிட நல்ல வழியில்லை. வடிகால் துளையில் ஒரு கம்பியை விட்டுக் குத்துங்கள், இலையும் மண்ணும் அடைத்திருக்கும். மிச்சத்தை ஈரம் உறிஞ்சும் வக்யூமாலும் பஞ்சாலும் எடுங்கள்.

பலரும் மறப்பது மீன் தொட்டி. அதற்கு ஒரு பம்ப், உள்ளே வரும் குழாய், வழியும் குழாய் என்று மூன்று இடத்தில் தண்ணீர் நிற்கும். பம்பின் தலையைத் திருகிக் கழற்றி, குழாய்களை ஊதி, பின் இளஞ்சிவப்பு அன்டிபிரீஸ் (உறைதடுப்புத் திரவம்) ஒரு லீற்றர் ஊற்றிப் பம்பைச் சில வினாடி ஓடவிடுங்கள். குளிர்பெட்டி வடிகால், தளம் கழுவும் பம்ப் ஆகியவற்றுக்கும் அப்படியே.

அன்டிபிரீஸில் இரண்டு பொறி. கடையில் ஒரே நிறத்தில் இரண்டு வகை இருக்கும். லேபிளில் புரொப்பிலீன் கிளைகோல் என்றிருப்பதை எடுங்கள். மதுசாரம் கலந்தது மலிவு, ஆனால் எரியக்கூடியது, இறப்பரையும் உலர்த்தும். கார்களுக்கான பச்சை எத்திலீன் கிளைகோல் விஷம், படகில் எங்கும் வேண்டாம். இரண்டாவது பொறி, மைனஸ் 50 என்ற எண். அது குழாய் வெடிக்காமல் காக்கும் எல்லை, திரவமாகவே இருக்கும் எல்லை அல்ல. அதற்கு வெகு முன்னரே கூழாகும், அதில் பிழையில்லை. ஆனால் அந்த எண் தண்ணீர் கலக்காத திரவத்துக்கு மட்டும். வடிக்காமல் மேலே ஊற்றினால் உள்ளிருக்கும் தண்ணீரோடு கலந்து பாதி வலுவை இழந்துவிடும். வடிப்பதுதான் வேலை. அன்டிபிரீஸ் மிச்சச் சொட்டுக்குத்தான்.

மெத்தைகள், உயிர்காப்பு அங்கிகள், கயிறு, கம்பளம் எல்லாவற்றையும் வீட்டுக்குள் எடுங்கள். ஈரம் குறையும், எலிக்கும் கூடு இல்லாமல் போகும்.

7. இயந்திரம்

வரிசை முக்கியம். பெற்றோல் தாங்கியை ஏறக்குறைய 95 சதவீதம் நிரப்பி, எரிபொருள் நிலைப்படுத்தியை லேபிள் அளவுப்படி விடுங்கள். பெற்றோலிலுள்ள எத்தனோல் ஈரத்தை இழுக்கும், பாதித் தாங்கியின் சுவரில் நீர் வியர்க்கும். பிறகு குழாய்த் தண்ணீர் இணைத்து 10 முதல் 15 நிமிடம் ஓடவிட்டால்தான் நிலைப்படுத்திய பெற்றோல் உட்பகுதிவரை சேரும். இயந்திரம் சூடாக இருக்கும்போதே எண்ணெயை மாற்றுங்கள்.

அவுட்போர்ட் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். செங்குத்தாக இறக்கி நிறுத்தினால் குளிர்விக்கும் தண்ணீர் தானே வடியும். குளிர்காலம் முழுதும் இறக்கியே வைத்திருங்கள். சாய்த்து உயர்த்தி வைத்தால் சுழலியின் நடுவிலுள்ள புகைவழியில் மழையும் பனியும் நிரம்பி, உறைந்து, கீழ்ப்பெட்டியைப் பிளக்கும். பல்சக்கர எண்ணெயை இப்போதே வடியுங்கள், வசந்தத்துக்கு விடாதீர்கள். பால்தேநீர் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, அடைப்பு வளையங்கள் மாற்றவேண்டும். புது எண்ணெயைக் கீழ்த்துளையிலிருந்து அடித்து மேல்துளையில் வழியும்வரை நிரப்புங்கள். மேல் திருகை முதலில் பூட்டிவிட்டுப் பிறகு பம்பை எடுத்துக் கீழதைப் பூட்டுங்கள். வாஷர்கள் இரண்டும் புதிதாக இருக்கட்டும்.

உள்ளே கார் இயந்திரம்போல் ஒன்றும் வெளியே சுழலியுள்ள டிரைவும் இருக்கும் ஸ்டெர்ன் டிரைவ் படகுதான் ஒன்ராறியோவில் அதிகம் வெடிப்பது. ஏரித் தண்ணீராலேயே குளிரும் 4.3 லீற்றர் வீ6, 5.0 லீற்றர் வீ8 போன்றவற்றில் வார்ப்பிரும்பின் இரு பக்கமும் ஒவ்வொரு வடிகால், இரண்டு புகைக்குழாய்த் தொகுதிகளிலும் ஒவ்வொன்று, சுற்றோட்டப் பம்பின் பெரிய குழாய் ஒன்று என்று குறைந்தது ஐந்து இடம். உங்கள் மாதிரிக்கான கையேட்டில் படம் இருக்கும். ஒவ்வொரு பிளக்கைக் கழற்றியதும் தண்ணீர் கொட்டவேண்டும். கொட்டாவிட்டால் உள்ளே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். துருவும் மணலும் துளையை அடைத்திருக்கிறது. கம்பியால் குத்துங்கள், வரும்.

வாளியில் அன்டிபிரீஸ் வைத்து இயந்திரத்தை உறிஞ்சவிட்டால் போதும் என்று சொல்வார்கள். தெர்மோஸ்டாட் ஏறக்குறைய 60 முதல் 70 பாகையில்தான் திறக்கும். குளிர்ந்த இயந்திரத்தில் அது மூடியிருக்க, இளஞ்சிவப்புத் திரவம் புகைவழியாக அழகாக வெளியே கொட்டும், வார்ப்பிரும்புக்குள் பழைய தண்ணீர் அப்படியே நிற்கும். ஆகவே முதலில் வடியுங்கள், பிறகு பிளக்குகளைப் பூட்டி மேற்குழாய் வழியாக 15 முதல் 20 லீற்றர் ஊற்றுங்கள். டிரைவைக் கீழே இறக்கி வையுங்கள். தண்ணீரும் வடியும், டிரைவை இணைக்கும் மடிப்பிறப்பர் உறையும் நசுங்காது.

பற்றரியை 12.6 வோல்ற்றுக்கு மேல் மின்னேற்றிக் கழற்றுங்கள். முழுதாக ஏறிய பற்றரி எங்கள் குளிரில் உறையாது. இறங்கிய பற்றரி மைனஸ் 10 வருமுன்பே உறைந்து பெட்டி வெடிக்கும்.

8. மெழுகு

காயவிட்டபின் தேய்த்துப் பாருங்கள். கையில் சுண்ணம்போல் ஒட்டினால் ஜெல்கோட் வெளிறியிருக்கிறது. முதலில் தேய்ப்புக்கூழ், பிறகு மெழுகு. ஒட்டாவிட்டால் மெழுகு மட்டும். வசந்தத்தில் போடலாம் என்று தள்ளிப்போடுவார்கள். மெழுகுக்கு வேலையே இந்த ஏழு மாதத்தில்தான், பனியும் படங்கின் உரசலும் அதில் படவேண்டும், ஜெல்கோட்டில் அல்ல.

9. தாங்கலும் மூடலும்

ட்ரெயிலரில் இருந்தால் படுக்கைப் பலகைகள் அடியை முழுதாகத் தாங்குகின்றனவா, பின்பலகைவரை வருகின்றனவா என்று பாருங்கள். குட்டையாக இருந்தால் மோட்டரின் பாரத்தில் அடி கொக்கிபோல் வளையும், அது நிரந்தரம். அச்சுக்குக் கீழே கட்டை வைத்து ரயரின் பாரத்தைக் குறையுங்கள். மரினாவில் தாங்கிக்கால்களில் நின்றால், அடிக்கட்டையின் மேல்தான் பாரம் நிற்கவேண்டும். கால்கள் சாயாமல் பிடிக்க மட்டும். எதிரெதிர்க் கால்கள் சங்கிலியால் பிணைந்திருக்கவேண்டும். படங்கின் கயிற்றை ஒருபோதும் அந்தக் கால்களில் கட்டாதீர்கள். காற்றில் படங்கு இழுக்க, கால் உருவிக்கொண்டு படகு விழும்.

மூடலுக்கு இரண்டு வழி. சுருக்குறை இறுக்கமாக நிற்கும், பனி வழுக்கும். ஆனால் மூச்சுத்துளைகள் முன்னும் பின்னும் குறைந்தது இரண்டிரண்டு கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் ஈரம் உள்ளே அடைபட்டு வசந்தத்தில் பூஞ்சணம். அதை நீங்களே செய்ய முயலவேண்டாம். வாயுச் சுடரைப் பெற்றோல் படகின்மேல் ஆட்டும் வேலை அது.

படங்கு என்றால் 18 அடிப் படகுக்கு 16க்கு 24 அடி அளவு சரிவரும். நடுவில் மூக்கிலிருந்து பின்பலகைவரை 2க்கு 4 அங்குல மரத்தால் கூரைமுகடு, விளிம்பிலிருந்து மூன்றடி உயரம். நுனிகளில் பழைய கம்பளத் துண்டு சுற்றுங்கள். சரிவு போதாவிட்டால் நடுவில் குளம் கட்டும். ஒரு சதுர மீற்றரில் 10 சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால் 100 கிலோ. கயிற்றைப் படகின் அடியால் மறுபக்கம் கொண்டுபோய் இறுக்குங்கள், இடையில் தளர்ந்தால் படங்கு காற்றில் அடித்து ஒரே குளிர்காலத்தில் ஜெல்கோட்டை மண்தாள்போல் தேய்த்துவிடும். உள்ளே மின்சூடாக்கி வைக்கும் யோசனை வேண்டாம், படகு எரிவதற்கு அது நல்ல வழி.

10. எவ்வளவு முடியும்

18 அடிப் படகுக்கு ஏறக்குறைய இப்படி வரும், இடத்துக்கிடம் மாறும். நீங்களே செய்தால்: அன்டிபிரீஸ் 4 லீற்றர் கலன் ஒன்று 5 முதல் 8 டொலர், ஸ்டெர்ன் டிரைவுக்கு ஐந்து ஆறு தேவை. எண்ணெய்கள், வடிகட்டி, நிலைப்படுத்தி சேர்த்து 100 முதல் 150. படங்கும் மரமும் 120. எப்பொக்சியும் பசையும் 100. மரினாவில் கொடுத்தால் அவுட்போர்ட் 150 முதல் 300, ஸ்டெர்ன் டிரைவ் 350 முதல் 600, சுருக்குறை அடிக்கு 20 முதல் 30 டொலர். வெளிச் சேமிப்பு இதற்கு மேலே. வெடித்த இயந்திரத்துக்கும் அழுகிய பின்பலகைக்கும் விலை கேட்டால் பல ஆயிரங்களில்தான் தொடங்குவார்கள். பெரும்பாலும் அது படகு வாங்கிய விலையைத் தாண்டும்.

11. ஜனவரியிலும் மார்ச்சிலும்

ஒவ்வொரு பெரும் பனிக்குப் பிறகும் மென்மையான தும்புத்தடியால் தள்ளுங்கள், சவள் வேண்டாம். மாதம் ஒருமுறை பற்றரியைப் பாருங்கள்.

ஜனவரியின் விடாக்குளிரைவிட மார்ச், ஏப்ரல்தான் படகுக்குக் கெட்டகாலம். பகலில் உருகிய பனி படங்கின் கிழிசலால் இறங்கி இருக்கைத் தண்டின் துளையைத் தேடும், இரவில் அங்கேயே உறையும், மறுநாள் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். அந்த வாரங்களில் ஒரு வெயில் நாளில் படங்கின் பின்முனையை உயர்த்தி, டோர்ச் அடித்து, வடிகால் துளை திறந்திருக்கிறதா, படகின் அடிக்குழியான பில்ஜில் ஈரம் மின்னுகிறதா என்று பாருங்கள். ஐஸ் கண்டால் கொத்தி எடுக்காதீர்கள், வெந்நீரும் ஊற்றாதீர்கள். இளஞ்சிவப்பு அன்டிபிரீஸை அதன்மேல் ஊற்றிவிட்டு, கிழிசலை அன்றே ஒட்டுங்கள்.